கயிற்று டயர் காலம்

கிட்ட வந்து உட்காருங்கள். ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்து ஆண்ட காலத்தில் தணித்துப் பேசிப் பழகிய தொண்டை எனக்கு. இன்னும் சத்தமாக வரமாட்டேன் என்கிறது. சைக்கிள் கடை என்பது காற்றை அடைத்துக் கொடுத்துப் பிழைக்கிற தொழில். காற்றுக்கு ஒருநாளும் பஞ்சம் வராது என்று நம்பித்தான் நான் அதில் இறங்கினேன். பஞ்சம் காற்றுக்கு வரவில்லை. அதை அடைத்து வைக்கிற டியூபுக்கு வந்தது.

உலகம் பூராவும் வியாபாரம் படுத்துவிட்டது என்று இப்போது பேப்பரில் போட்டிருக்கிறதாம். அதே பக்கத்தில், நம் நாடு சமாளித்துக்கொள்ளும், யாரும் கவலைப்பட வேண்டாம் என்றும் போட்டிருக்கிறதாம். என் மகன் வாசித்துச் சொன்னான். எனக்கு எழுத்தோடு அவ்வளவு பழக்கம் இல்லை. காது மட்டும் நல்ல காது. இந்த இரண்டு சேதியையும் ஒரே வாய் ஒரே மூச்சில் சொல்ல, நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். கடை வைத்து ஈ ஓட்டியவர்கள், சரக்கு இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

என் கடை காஜா பெராங் ரோட்டில், செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்புக்குத் திரும்புகிற முனைக்கு எதிரே இருந்தது. கடை என்றால் நாலு தகரம், ஒரு பலகைத் தட்டி, ஒரு பம்பு. நானும் என் மனைவி அஞ்சலையும்தான் முதலாளி, தொழிலாளி எல்லாம். கை என்னுடையது, யோசனை அவளுடையது. ஜப்பான்காரன் வந்து கொஞ்ச நாளில் ஊரில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. கடை திறந்திருந்தால் நீ தொழில் உள்ளவன். கடை மூடிக் கிடந்தால் நீ சும்மா இருக்கிறவன். சும்மா இருக்கிறவனை லாரியில் ஏற்றித் தம்பினுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் சயாமுக்கு அனுப்புவார்கள், காட்டுக்குள் ரயில் பாதை போட. மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போன தண்டவாளமும் திரும்பவில்லை, போன ஆட்களிலும் திரும்பி வந்த முகம் கண்ணில் படவில்லை. ஆகையால் எனக்கு அப்போது இருந்த கவலை ஒன்றே ஒன்று: விடிந்தால் கடைத் தட்டியைத் திறக்க வேண்டும், உள்ளே ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும்.

கப்பல் கிளம்பியாச்சு

எங்கள் வட்டாரத்துக்குத் தலைவராக ஆரோக்கியம் கிராணியைப் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் புக்கிட் காதில் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்குப் பார்த்தவர். நாலு வார்த்தை ஜப்பான் பாஷை படித்துக்கொண்டதால் இந்த வேலை கிடைத்தது. வேலை என்ன? சைக்கிளில் சுற்றி வந்து ஜனங்களுக்கு நம்பிக்கை ஊட்டுவது. மனிதர் கெட்டவர் இல்லை. நல்ல சேதி சொல்லச் சொல்ல அவர் முகமே ஒரு சுற்று உப்பியிருந்தது, அவ்வளவுதான்.

என் கடையில் கடைசியாக இருந்த புது டியூபை அவர் சைக்கிளுக்குத்தான் மாட்டினேன். "கவலைப்படாத தம்பி. டயர், டியூபு, துணி, அரிசி, எல்லாம் ஏத்திக் கப்பல் கிளம்பியாச்சு" என்றார். அடுத்த மாதம் கேட்டேன். கப்பல் வந்துகொண்டிருக்கிறது என்றார். அதற்கடுத்த மாதம், பக்கத்தில் வந்துவிட்டது. மழைக்காலம் முடிந்து மறுபடியும் கேட்டேன்: "ஐயா, அது கப்பல்தானா, இல்ல யாராவது துடுப்புப் போட்டுக்கிட்டு வர்றாங்களா?" கிராணியார் அக்கம்பக்கம் பார்த்தார். சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்து, அந்தச் சத்தத்துக்குக் கீழே சொன்னார்: "கப்பல் வரலைன்னா ஒண்ணும் குடி முழுகாது தம்பி. வருதுன்னு சொல்றத நிறுத்தினாத்தான் என் கழுத்து போகும்."

வெண்ணெய்

டியூப் இல்லாமல் சைக்கிள் கடையைத் திறந்து வைத்திருப்பது எப்படி? நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அஞ்சலை, கிணற்றுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். பழைய டயர் ஒன்றை எடுத்தாள். தேங்காய் நார்க் கயிற்றைக் கைப்பருமனுக்கு முறுக்கி, டயருக்குள் சுற்றி அடைத்து, மேலே கம்பி போட்டுக் கட்டினாள். "உருளுதா பாருங்க" என்றாள். உருண்டது. உட்கார்ந்து ஓட்டினவனுக்குப் பல் ஆடியது, ஆனால் உருண்டது.

முதல் வாடிக்கை பால்காரர் கோவிந்தன். காஜா பெராங்கில் இரண்டு மாடு வைத்துக்கொண்டு, புக்கிட் காதில் வரைக்கும் பால் கொண்டுபோய் ஊற்றுகிறவர். பழைய தகர டின்னில் பாலைக் கட்டிக்கொண்டு கயிற்று டயரில் கிளம்பினார். அந்தக் காலத்து ரோடு உங்களுக்குத் தெரியாது. குழிக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சம் ரோடு இருக்கும். மறுநாள் வந்து சைக்கிளைத் தடாலென்று என் முன்னால் நிறுத்தினார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"இங்க பால்தான் ஊத்துனேன். அங்க போயி மூடியத் தொறந்தா மேல வெண்ணெ மெதக்குது" என்றார்.

"இன்னும் கொஞ்சம் தளர்த்திக் கட்டித் தரேண்ணே" என்றேன், பயந்துபோய்.

"யோவ், தளர்த்தித் தொலைச்சிடாதய்யா! பாலுக்கு ஒரு துண்டுக் கிழங்கு குடுத்தவன், வெண்ணெக்கு ஒரு கோழியே குடுத்தான். இன்னும் நல்லா இறுக்கிக் கட்டு!"

ரோஷக்கார வண்டி

இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். மலாக்காவைச் சுற்றி எந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தாலும் ரப்பர் மரத்தில்தான் படும். வாங்க ஆள் இல்லாமல் ரப்பர் ஷீட்டு அடுக்கடுக்காகக் கிடந்து பூஞ்சை பிடித்தது. ஆனால் ஒரு டியூப் கிடையாது. அரிசி மூட்டைக்கு மேல் படுத்துக்கொண்டு பசி என்று சொல்கிற மாதிரி. பத்து பெரெண்டாம் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த ஆறுமுகத்துக்கு இது பொறுக்கவில்லை. தோளில் நாலு ஷீட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். "இத்தன வருஷம் இதுக்குத்தானே விடியக் காலையில எந்திரிச்சேன்? சுத்துங்க இதை" என்றார். கீற்றுக் கீற்றாக அறுத்து, சக்கரத்தில் சுற்றி, சூடு காட்டி ஒட்டினேன். மெத்தை மாதிரி போயிற்று. இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

பட்டறைக் கூரைக்குக் கீழே எல்லாம் சரி. வெளியே மலாக்கா வெயில் இருந்தது. டவுனுக்குள் நுழைகிற பாலத்து முனையில் ஜப்பான் சிப்பாய் காவல் நிற்பான். யாராக இருந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி, இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போடாவிட்டால் அறை. ஆறுமுகம் உச்சி வெயிலில் போய் இறங்கினார். குனிந்தார். அந்த நேரத்துக்குள் ரப்பர் இளகித் தாரோடு ஒட்டிக்கொண்டது. இவர் கையை எடுத்துவிட்டார், சைக்கிள் விழவில்லை. தாங்கு கட்டை இல்லாமல், யாரும் பிடிக்காமல், சிப்பாய்க்கு நேராக நட்டுக்கொண்டு நின்றது. சிப்பாய் சைக்கிளை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டானாம். சாயங்காலம் தோளில் சைக்கிளைச் சுமந்துகொண்டு வந்த ஆறுமுகம் சொன்னது இது: "நான் குனிஞ்சேண்ணே, அது குனியல. நம்மள விட இந்த வண்டிக்கு ரோஷம் ஜாஸ்தி. வேற யாராச்சும் அடி தாங்குறவனுக்கு வித்துடுங்க."

செத்தவர்களுக்குச் சோறு

எதிர்ப்பக்கம் செட்டிக் கம்பம் என்று சொன்னேன் அல்லவா? நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், நம்மைப் போலத்தான் திருநீறு பூசுவார்கள், பேச்சு மட்டும் மலாய். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து தங்கிவிட்டவர்கள். அங்கே கெபாயா என்கிற மலாய்ச் சட்டை போட்ட ஒரு வயதான அம்மா இருந்தார். நாங்கள் பீபி என்று கூப்பிடுவோம். பொங்கலுக்கு முந்தின நாள் அவர்கள் வீட்டில் இறந்துபோன முன்னோர்களுக்கு வாழை இலை போட்டுச் சாப்பாடு படைப்பார்கள். அந்த வருஷம் பீபி கடைக்கு வந்து ஒரு சைக்கிள் வாடகைக்குக் கேட்டார். கிளேபாங்கில் தெரிந்த மீனவர் வீட்டில் இரண்டு படி அரிசி ஒளித்து வைத்திருக்கிறார்களாம். மருமகன் போய் வாங்கி வரவேண்டும். அவர் மலாயில் பேசினதை நான் தமிழில் சொல்கிறேன். "அரிசி இல்லாம ஊரே மரவள்ளிக் கிழங்குதான் திங்குது பீபி. அவங்களுக்கும் அதையே படைச்சா என்ன?" என்றேன். "அவங்க நல்ல காலத்துல கண்ண மூடினவங்க. ஊர் இப்படி ஆகிப்போச்சுன்னு நான் போயி எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

அரிசியோடு வழியில் பிடிபட்டால் அரிசியும் போகும், ஆளும் போவான். அஞ்சலை ஒரு டயரைக் கழற்றி, கயிற்றை எப்படி உருவுவது என்று காட்டினாள். பழைய வேட்டியை நீளப் பையாகத் தைத்துக் கொடுத்து, "அங்க போயி கயித்த உருவிட்டு, அரிசிய இதுல போட்டு, டயருக்குள்ள அடைச்சு ஓட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். மருமகன் சோதனைச் சாவடியில் இறங்கினார், கும்பிட்டார், ஏறினார், வந்து சேர்ந்தார். டயரைப் பிரித்தால் அரிசி பாதி நொய், பாதி மாவு. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "எல்லாம் நொறுங்கிப் போச்சே பீபி" என்றேன். பீபி ஒரு கை அள்ளிப் பார்த்தார். ஊதித் தவிட்டைத் தள்ளினார். ரொம்பத் திருப்தியாகச் சொன்னார்: "டச்சுக்காரன் காலத்துல செத்துப் போனவங்கப்பா. பல்லு எங்க இருக்கு அவங்களுக்கு? இதுதான் நல்லது."

நிறைந்த கடை

ஒருநாள் கிராணியார் வேர்க்க விறுவிறுக்க வந்தார். பெரிய அதிகாரி ஒருத்தன் நாளைக்குக் காஜா பெராங் ரோட்டில் நடந்து வந்து பார்க்கப் போகிறானாம், ஜனங்கள் செழிப்பாக இருக்கிறார்களா என்று. "தட்டு நெறைய சரக்கு இருக்கணும். மூஞ்சி நெறைய சிரிப்பு இருக்கணும். காலியா இருக்கிற கடைக்காரன் பேரைக் கேட்டுக்கிட்டுப் போயிடுவான்" என்றார். கேட்டுக்கொண்டு போனால் எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். "சிரிப்பு நம்மகிட்ட இருக்கு ஐயா. சரக்குதான் இல்ல" என்றேன். அவர் அஞ்சலையைப் பார்த்தார். அவரும் அதற்குள் கடையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தார்.

அஞ்சலை பழைய டப்பாக்களை எல்லாம் எடுத்து உள்ளே மண்ணைப் போட்டு மூடி, எழுத்துத் தெரிகிற பக்கம் வெளியே வரும்படி அடுக்கினாள். வைக்கோலை வளையமாகக் கட்டி, காக்கி காகிதம் சுற்றி, டயர் மாதிரி ஆணியில் தொங்கவிட்டாள். தூரத்தில் இருந்து பார்த்தால் எனக்கே ஆசை வந்தது. அதிகாரி வந்தான், பார்த்தான், தலையாட்டினான். போயிருக்கலாம். போகவில்லை. மேல் தட்டில் இருந்த ஒரு டப்பாவைக் கைகாட்டி, தன் சைக்கிளுக்கு ஒரு டியூப் எடுக்கச் சொன்னான். மண் டப்பாவை அவன் கையில் கொடுத்தால் அன்றைக்கே நான் தம்பினில் இருப்பேன்.

அஞ்சலை கிராணியார் பக்கம் திரும்பி, நல்ல மரியாதையாகச் சொன்னாள்: "ஐயா, நீங்கதானே சொன்னீங்க, பெரிய கப்பல் வந்து சேர்ற அன்னிக்கு விழா எடுத்து, அப்பத்தான் இந்தச் சரக்கைப் பிரிக்கணும்னு? உங்க உத்தரவு இல்லாம நாங்க எப்படித் தொடுறது?" கிராணியாருக்கு வேறு வழி இல்லை. அதை அப்படியே ஜப்பான் பாஷையில் சொன்னார். அதிகாரி விறைப்பாக நின்று, அவர் தோளில் தட்டி, என்னவோ பாராட்டிவிட்டுப் போனான். ரோடு காலியானதும் கிராணியார் என் ஸ்பேனர் பெட்டி மேல் சரிந்து உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்புறம் சொன்னார்: "அம்மா அஞ்சல, உன் புண்ணியத்துல இன்னிக்கு என் கப்பல் கரை சேந்துடுச்சு. இனிமே எதைம்மா நான் வருது வருதுன்னு சொல்லுவேன்?"

லாரி

ஆனால் நாள் போகப் போக, கடை திறந்திருந்தாலும் விடமாட்டார்கள் என்கிற நிலைமை வந்துவிட்டது. சயாமில் ஆள் போதவில்லையாம். ஒரு மத்தியானம் கிராணியார் வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே பேசினார். நாளைக் காலையில் லாரி வரும், நானும் ஏற வேண்டும். "நல்ல சாப்பாடு தம்பி. டாக்டரெல்லாம் இருக்காங்களாம். கொஞ்ச நாள்தான்." பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னார். அஞ்சலை கையில் இருந்த கயிற்றைக் கீழே வைத்தாள். "அவ்வளவு நல்ல எடமா ஐயா? அப்ப நீங்களும் கூட ஏறிக்கிட்டா எங்களுக்கும் தைரியமா இருக்கும்" என்றாள். அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

காலையில் லாரி வந்தது. மேலே ஏற்கனவே நிறையப் பேர் இருந்தார்கள். மாட்டை ராணுவம் ஓட்டிக்கொண்டு போய்விட்டதால் சும்மா இருக்கிறவராகிவிட்ட பால்காரர் கோவிந்தன் அதில் இருந்தார். தோட்டத்தில் வேலை நின்றுபோன ஆறுமுகமும் இருந்தார். கூட வந்த சிப்பாய்கள் என்னையும் பிடித்து ஏற்றிவிட்டு, எதிர்ப்பக்கம் மர நிழலில் இளநீர் வெட்டச் சொல்லிக் குடிக்க ஆரம்பித்தார்கள். அஞ்சலை அழவில்லை, கத்தவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து லாரியைச் சுற்றி ஒவ்வொருத்தருக்காகக் கொடுத்தாள். பின்பக்கம் குனிந்து சிந்தின தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். அப்புறம் இந்தப் பக்கம் வந்து கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டாள். சிப்பாய்கள் ஏறுகிற நேரத்தில் லாரி பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டுப் பின்பக்கம் சாய்ந்தது.

லாரியில் வந்த அதிகாரி கத்தினான். சைக்கிள் கடைக்காரனே இங்கே இருக்கிறான் என்று கிராணியார் சொல்ல, என்னை இறக்கினார்கள். குனிந்து பார்த்தேன். பின் டயர் இரண்டிலும் காற்றைப் பிடித்து வைக்கிற வால்வு ஊசி இல்லை. இந்த ஊரில் அந்த ஊசியைத் திருகிக் கழற்றத் தெரிந்த ஆட்கள் என் வீட்டில் மட்டும்தான் இருக்கிறார்கள். நான் அஞ்சலையின் கொண்டையைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டேன். கிராணியார் பாடுபடவில்லை; நன்றாகவே பார்த்துவிட்டார்.

"ஐயா, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள் அஞ்சலை, அவர் கண்ணையே பார்த்து. "டயர் உள்ள கிழிஞ்சு போச்சு. இனி காத்து நிக்காது. எங்க கடை மாதிரி கயிறு அடைச்சுத்தான் ஓட்டணும். சாயங்காலம் ஆகும். லாரிச் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க ரெண்டு ஆள் வேணும். அந்தப் பால்காரரும் அந்த ரப்பர்க்காரரும் பழகின ஆளுங்க. அவங்கதான் வேணும்."

கிராணியார் அதை அப்படியே சொன்னால் நாங்கள் மூன்று பேரும் தப்புவோம். அவள் கொண்டையைக் கைகாட்டினால் அத்தோடு முடிந்தது. அவருக்கும் நல்ல பெயர். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு ஜப்பான் பாஷையில் பேச ஆரம்பித்தார். அஞ்சலை சொன்னதை விட அதிக நேரம் பேசினார். தரையைக் காட்டினார், சக்கரத்தைக் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தம்பினில் ரயில் காத்திருக்காது. டவுனுக்கு ஆள் அனுப்பி வேறு லாரி வரவழைத்தான். எங்கள் மூன்று பேரைத் தவிர மற்றவர்களை அதில் மாற்றி ஏற்றினார்கள். என்னிடம், சாயங்காலத்துக்குள் இந்த லாரியை ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிடு, இனிமேல் நீ லாரி ஷெட்டுக்கு வேலை செய்கிறவன் என்று சொல்லி, சிவப்பு முத்திரை குத்திய ஒரு வெள்ளைத் துணிக் கைப்பட்டையை எறிந்துவிட்டு ஏறிக்கொண்டான். அதைக் கையில் கட்டியிருந்தால் ரோட்டில் யாரும் பிடிக்கமாட்டார்கள்.

இரண்டாவது லாரி போயிற்று. அதில் இருந்தவர்களில் ஒருத்தர் எங்களைப் பார்த்துக் கையாட்டினார், ஏதோ திருவிழாவுக்குப் போகிறவர் மாதிரி. நாங்களும் கையாட்டினோம். அவர்களில் ஒருவரைக்கூட நான் அப்புறம் காஜா பெராங்கில் பார்க்கவில்லை. அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கிராணியார் போகாமல் நின்றிருந்தார். என் பம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வேலைக்கு வந்ததுல இருந்து இன்னிக்குத்தான் தம்பி ஒரு கெட்ட சேதி சொல்லியிருக்கேன். அதுவும் பொய்யி" என்றார்.

நாங்கள் மூன்று பேர், கிடைத்தது ஒரே ஒரு கைப்பட்டை என்பதால், அஞ்சலை கத்தரிக்கோலை எடுத்து, முத்திரையின் சிவப்பு ஆளுக்குக் கொஞ்சமாவது வரும்படி அதை நீளவாக்கில் மூன்றாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து எங்கள் மூன்று பேர் கையிலும் கட்டிவிட்டாள். ஜப்பான்காரன் இருந்த வருஷங்களில் எங்கள் ஊரில் உற்பத்தி பெருகிய ஒரே சரக்கு அதுதான்.